அழகுமுத்து கட்டி வைத்தது

பெப்ரவரி 3, செவ்வாய்

எல்கடுவ தேயிலைத் தோட்டத்தில் மருந்தடிக்கும் அழகுமுத்து போன மாதம் மாரடைப்பில் இறந்துவிட்டார். இன்று அவர் மனைவி பாலாமணி மாத்தளை அலுவலகத்துக்கே வந்துவிட்டார். கையில் நான் விற்ற ஆயுள் காப்புறுதிப் பொலிசி.

"எட்டு மாசமாக் கட்டலியே, காலாவதியாயிருச்சி" என்றேன். கோப்பைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

"சம்பளத்துக்குச் சம்பளம் இதுக்குன்னு எடுத்துக்கிட்டுத்தானே போனாரு மிஸ்? அப்ப குடிச்சே தொலச்சிட்டாரா?"

பொலிசியை மடித்து அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன்.

பெப்ரவரி 5

அழகுமுத்துவின் கோப்பை எடுத்து, திறக்காமலே திரும்ப வைத்தேன்.

பெப்ரவரி 6, வெள்ளி

இங்கேயாவது எழுதிவிடுகிறேன். நாலு வருடம் நானே அவர் லயத்து வீட்டுக்குப் போய்ப் பணம் வாங்கினேன். பிறகு கமிஷன் தேய்ந்து பஸ் காசுக்கும் போதாமல் போனது. போவதை நிறுத்திக்கொண்டேன். அழகுமுத்து மூன்று தடவை போனில் கோல் எடுத்தார். "அடுத்த மாசம் வர்றேன் அண்ணே" - மூன்று தடவையும் இதே பதில். கோப்பைத் திறந்தால் என் வண்டவாளம் வெளியே வந்துவிடும் என்ற பயம். வேறென்ன?

பெப்ரவரி 10, செவ்வாய்

வேறு யாருக்கோ நடந்ததுபோல மனேஜர் தர்மேந்திரன் சேரிடம் கேட்டேன்.

"மூணு வருஷம் கட்டியிருந்தா அந்தப் பொலிசிக்கு ஒதுக்கு நிதி சேர்ந்திருக்கும். கம்பனி அதை வச்சிருந்தே ஆகணும், சட்டம். நம்ம பொலிசியில, கட்டாம விட்டா ஒரு வருஷத்துக்கு அதிலிருந்துதான் எடுத்துக்குவாங்க. பொலிசி உசிரோடதான் இருக்கும். யாரு ஆளு?"

பெயரைச் சொன்னேன். அவரே கோப்பைத் திறந்தார். உயிரோடுதான் இருக்கிறது. ஐந்து லட்சம் கிடைக்கும்.

பாலாமணிக்குக் கோல் எடுத்துச் சொல்லச் சொன்னார். கோலில் என்றால் காசு வருவதை மட்டும் சொல்லித் தப்பிவிடலாம். அதனால்தான் எடுக்கவில்லை.

பெப்ரவரி 12, வியாழன்

எல்கடுவவில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் கடைக்கார முத்தலிப் நானா கூப்பிட்டு ஒரு கடித உறையை நீட்டினார்.

"அழகுமுத்து மாசா மாசம் தந்து வச்ச காசு. தன் கையில இருந்தா செலவாகிருமாம், மிஸ் வந்தா குடுங்கன்னாரு. அமானிதம், நம்பித் தந்த காசு, வேற யாருக்கும் குடுக்கல."

எட்டு மாதக் காசு. ஒன்றும் குறையவில்லை. கடை வாசலிலேயே அழுதேன்.

லயத்தில் அழகுமுத்துவின் படம் சுவரைப் பார்த்துத் திருப்பி வைக்கப்பட்டிருந்தது. முப்பதாம் நாள்கூடக் கும்பிடவில்லையாம். உறையைப் பாலாமணியின் கையில் கொடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் குடிக்கவில்லை, நான்தான் வரவில்லை என்றும் சொன்னேன்.

பாலாமணி என்னைத் திட்டவில்லை. படத்தைத் திருப்பி முந்தானையால் துடைத்தார்.

"என்கிட்ட எதுக்கு மிஸ்? அவருகிட்ட சொல்லுங்க."

சொன்னேன்.

மார்ச் 24, செவ்வாய்

காசோலை வந்தது. கையெழுத்துப் போடப் பாலாமணி வந்தார். என் மேசையைத் தாண்டி தர்மேந்திரன் சேரிடம் போய் உட்கார்ந்தார்.