என் வகுப்பை எடுத்துக்கொண்ட துளசிக்கு

என் உயிர் மாப்ள துளசி,

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. காலேஜ் சுவரில் ஒட்டின உன் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் வெயிலில் வெளுத்துவிட்டது, மீசை மட்டும் இன்னும் தெரிகிறது. காலேஜ் நினைவு மலருக்கு உன்னைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் உன்னிடம் எனக்கு என்னடா நடிப்பு? உன் மேல் எனக்குப் பொறாமை. இருந்தப்பவும் இருந்தது, இப்பவும் இருக்கு. செத்தவன் மேல் பொறாமைப்படுகிற ஒரே டாக்டர் இந்த மதுரையில் நானாகத்தான் இருப்பேன்.

படிக்கிறவர்களுக்கும் விஷயம் தெரியட்டும். நீ கிருமியியல் வாத்தியார், நான் சமூக மருத்துவ வாத்தியார். ஒரே காலேஜில் படித்து, ஒரே ஹாஸ்டல் அறையில் கிடந்து, அங்கேயே வேலைக்கும் சேர்ந்தோம். இந்த ஆங்கில மருத்துவம் எங்கிருந்து, எப்படி வந்தது என்று முதல் வருஷப் பிள்ளைகளுக்கு ஒரு வகுப்பு உண்டு. பாடத்திட்டப்படி அது என் துறையுடையது. என்னுடையது!

அதை உன்னிடம் நானேதான் கொடுத்துத் தொலைத்தேன். ஒத்தக்கடைப் பக்கம் வாந்திபேதி என்று என்னை ஜீப்பில் ஏற்றி அனுப்பினார்கள். "மாப்ள, ஒரு மணி நேரம் பிள்ளைகளைச் சும்மா பாத்துக்க" என்று சொல்லிவிட்டுப் போனேன். சும்மாவா பார்த்துக்கொண்டாய்? நான் பிளீச்சிங் பவுடரோடு கிணறு கிணறாக அலைந்து திரும்பினால், வராந்தா முழுக்க உன் பேச்சுதான். அடுத்த வருஷம் புதுப் பிள்ளைகள் என்னிடமே வந்து, "சார், இந்த கிளாஸ் துளசி சார்தானே எடுப்பாங்க?" என்று கேட்டார்கள். வயிறு எரியுமா எரியாதா, நீயே சொல்லு.

அதுக்கப்புறம் ஒவ்வொரு வருஷமும் கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்தேன். எங்கேயாவது தப்பு விடுவாய், பிடித்துவிடலாம் என்றுதான். எங்கே விட்டாய்? பழங்காநத்தத்தில் உங்கள் அப்பாவின் சாயப்பட்டறையிலிருந்து முடிச்சுப் போட்ட வெள்ளைத் துணியைக் கொண்டுவருவாய். ஊதாச் சாயத்தில் முக்கி, முடிச்சை அவிழ்த்து, சாயம் ஏறாத புள்ளிகளைக் காட்டுவாய். அப்புறம்தான் ஆரம்பிப்பாய், கதையை.

வெள்ளைக்காரப் பட்டாளம் போன நாட்டிலெல்லாம் மலேரியாவில் விழுந்தது. அதற்கு மருந்தாக அவனுக்குக் கப்பல் கப்பலாகக் குயினைன் வேண்டும். அதை நிலக்கரித் தாரிலிருந்து செய்துவிடலாம் என்று லண்டனில் ஒரு மாணவன் கிண்டிப் பார்த்தான். குயினைன் வரவில்லை, ஊதாச் சாயம் வந்தது. அந்தச் சாயத்துக்குப் பின்னால் ஒவ்வொன்றாகச் சாய ஆலைகள் கிளம்பின. துணியைப் பிடிக்கிற சாயம் கிருமியையும் பிடிக்கும் என்று கண்டார்கள். பிடிக்கிறது கொல்லவும் கொல்லுமா என்று பார்த்தார்கள். சாய ஆலை மருந்து ஆலை ஆனது. இங்கே நீலச் சாயத்துக்காகப் போட்ட நம் அவுரி வயல்கள் படுத்தன. "எங்க பட்டறையும் உங்க மாத்திரையும் பங்காளிங்கப்பா" என்பாய். பிள்ளைகள் பெஞ்சைத் தட்டுவார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

அதோடு நிறுத்தியிருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பேன். என் தாத்தாவையும் அல்லவா எடுத்துக்கொண்டாய்? சமயநல்லூர்ப் பக்கம் ஒரு குழி நிலம் இல்லாத மனுஷன், தேயிலைத் தோட்டத்துக்கு இலங்கை போனவர். கப்பல் ஏற்றுவதற்கு முன்னால் மண்டபம் முகாமில் அவர் துணியைக் கழற்றி ஆவியில் போட்டது, மருந்துத் தண்ணீரில் குளிக்க வைத்தது, அம்மை குத்தியது, நோய் இல்லை என்று தெரிகிறவரை அடைத்து வைத்தது எல்லாம் ஹாஸ்டலில் நான் உன்னிடம் படுத்துக்கொண்டே சொன்னது. நீ அதை வகுப்பில் சொன்னப்போ பிள்ளைகள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். தாத்தா என்னுடையவர், கைதட்டல் உனக்கு!

அன்றைக்கு டீக்கடையில் நாம் போட்ட சண்டை ஞாபகமிருக்கிறதா?

"என்ன இருந்தாலும் தாத்தா பிழைச்சாருல்ல மச்சான்? மருந்து மருந்துதான?" என்றாய்.

"பிழைக்க வச்சாங்கடா, கொழுந்து பறிக்க ஆளு வேணும்னு. அவரு தம்பி ஊர்லயே காய்ச்சல்ல கெடந்தாரு. அவருக்கு எவன்டா குயினைன் கொடுத்தான்? ஊர்ல கெடக்குறவன் செத்தா எந்தத் தோட்டத்துக்கு நட்டம்?"

நீ டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டாய். "இதை நீ வந்து சொல்லு மச்சான். பாதி கிளாஸ் உனக்கு."

பாதியாம்! என் வகுப்பில் எனக்கே பாதி! போடா என்று எழுந்து வந்துவிட்டேன்.

இந்த வருஷம் முழுசாகவே என்னிடம் வந்தது. எப்படி வந்தது பார். உள்ளே போனால் முதல் பெஞ்சில் உன் மகள் கீதா. ஆமாடா, சீட்டு கிடைத்துவிட்டது, நம்ம காலேஜிலேயே. உன் மூக்கு, உன் முறைப்பு. உன்னைவிட நன்றாக எடுக்க வேண்டும், அதுவும் உன் பிள்ளை முன்னாலேயே. எனக்கு அம்புட்டுதான் ஆசை.

சாயத்தைத் தொடவே இல்லை. வெள்ளைக்காரன் நாட்டு மில் ஊர்களிலிருந்து ஆரம்பித்தேன். கூலிக்காரன் குடிசையில் காலரா வந்தப்போ ஒருத்தனும் அசையவில்லை, அது முதலாளி தெருவுக்கும் வரும் என்று தெரிந்தப்போதான் சாக்கடைக்கும் குழாய்க்கும் வேகமாக வழி பிறந்தது என்றேன். இங்கே பட்டாளத்துக்கும் ஜெயிலுக்கும் தோட்டத்துக்கும் போன மருந்து கிராமத்துக்கு எம்புட்டுத் தாமதமாக வந்தது என்றேன். தாத்தாவைச் சொன்னேன். அவர் தம்பியையும் சொன்னேன். அவரை நீ ஒரு வருஷம்கூடச் சொன்னதில்லை.

ஒரு பையன் எழுந்தான். "சார், அப்ப இது யாருக்காக வந்த வைத்தியம்?"

"வந்தது அவங்களுக்காக. இப்ப பெரியாஸ்பத்திரி ஓ.பி. வரிசைல யாரு நிக்கிறாங்கன்னு போய்ப் பாரு" என்றேன்.

தட்டினார்கள் பார், கூரை கிழிகிற மாதிரி! கேட்டுச்சா மாப்ள? ஜெயித்துவிட்டேன் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன்.

எல்லாரும் போன பிறகு கீதா மேஜைப் பக்கம் வந்தாள்.

"ரொம்ப நல்லா இருந்துச்சு மாமா." கொஞ்சம் தயங்கினாள். "அப்பா இந்த கிளாஸ எப்படி எடுப்பாங்க? எல்லாரும் சொல்றாங்க. நான் ஒரு தடவகூடக் கேட்டதில்ல. வீட்ல கேட்டா, 'சீட்டு வாங்கிட்டு வா, மொத பெஞ்சுல உக்காந்து கேளு'ன்னு சொல்லிட்டாங்க."

நீ எதையும் எழுதி வைக்கிற ஆள் இல்லை. கேட்ட பிள்ளைகள் ஊர் ஊராகப் போய்விட்டார்கள். அவர்களுக்கு ஆளுக்கு ஒரு வரி நினைவிருந்தால் பெரிய விஷயம். நான் மட்டும்தான் வருஷா வருஷம் கேட்டவன். ரசிக்கிறவன் நடுவில் கண் அசந்திருப்பான். பொறாமைக்காரன் எங்கே அசருவான்? எங்கே நிறுத்துவாய், எங்கே இருமுவாய், எந்த இடத்தில் கண்ணாடியைக் கழற்றுவாய், எல்லாம் எனக்கு மனப்பாடம்டா.

"உக்காரு" என்றேன். ஆரம்பித்தேன். ஊதாச் சாயம், குயினைன், பங்காளி எல்லாம். உன் குரலே வந்துவிட்டது. சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தாள். தாத்தா இடம் வந்தப்போ, என் தாத்தாவை நீ சொல்கிற மாதிரியே சொன்னேன். மாற்ற மனசு வரவில்லை. முடிந்ததும் காலி ஹாலில் அவள் ஒருத்தி எழுந்து நின்று, அழுதுகொண்டே கை தட்டினாள்.

எனக்கில்லை. உனக்கு. என் வாயால் சொல்லியும் உனக்குத்தான்.

சரி, போ. இனி நான் ஓய்வு பெறுகிற வரை அந்த வகுப்பில் முதல் பாதி உன்னுடையது, ஒரு வார்த்தை குறையாது. சத்தியம். வயிறு எரிந்துகொண்டேதான் சொல்வேன், அதையும் தெரிந்துகொள்.

கீதாவுக்கு இனி தாய்மாமன்,
உன் மச்சான்
முருகேசன்