கொண்டையில் பூ கூடாது

ஜூலை 7, திங்கள்

நாற்பத்தைந்து வயதில் மறுபடி கடைசி பெஞ்சு. தாம்பரத்தில் நோயாளி பராமரிப்புப் பயிற்சி, ஆறு மாதம். முதல் நாள் முழுக்க விதிமுறைதான் — நகம் வளர்க்கக் கூடாது, வளையல் கூடாது, கொண்டையில் பூ கூடாது. மூன்று எச்சரிக்கை வாங்கினால் பெயரை அடித்துவிடுவார்களாம். பக்கத்தில் இருந்த ஸ்நேகாவுக்கு என் மகள் வயது. "ஸ்கூலே தேவலாம் ஆன்ட்டி" என்றாள்.

விதிமுறையை வாசித்த மேடத்தைப் பார்த்ததும் எனக்குக் காது அடைத்துவிட்டது. தபீதாள்! 1998இல் இதே ஊரில் என்னோடு நர்சிங் பயிற்சிக்குச் சேர்ந்தவள். பத்தாம் நாள் எனக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது, படிப்பு அதோடு சரி. அவள் முடித்தாள்.

"கனகவல்லி" என்று கூப்பிட்டு டிக் அடித்தாள். அவ்வளவுதான். மறந்துவிட்டாளா?

ஜூலை 8

வீட்டுக்காரர் கிண்டல்: "பத்து நாள் தாங்குவியா? அப்பவும் பத்து நாள்தானே?" சிரித்துக்கொண்டேதான் கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. இந்தத் தடவை முடிக்காமல் விடமாட்டேன்.

ஜூலை 11, வெள்ளி

கர்மம், கர்மம். வெள்ளிக்கிழமை என்றதும் கை தானாகப் பூ வைத்துவிட்டது. முதல் எச்சரிக்கை. சிவப்பு நோட்டில் எழுதியது தபீதாள்தான். முகத்தில் ஒன்றுமே இல்லை.

1998இல் அந்தப் பத்து நாளில் வந்த இரண்டு வெள்ளியும் நான் கனகாம்பரத்தோடுதான் போனேன். அவள் சபையில் பூ வைக்க மாட்டார்கள். ஆனால் சிஸ்டர் வருகிற சத்தம் கேட்டால் என் தலையிலிருந்து உருவித் தன் சாப்பாட்டு டப்பாவில் போட்டு மூடுவாள். கனகாம்பரத்துக்குத்தான் வாசனையே கிடையாதே — சாயங்காலம் எடுத்து வைத்தால் ஒரே எலுமிச்சை சாத வாசனை. ஸ்டேஷன் வரை சிரித்துக்கொண்டே நடப்போம். எவ்வளவு நல்ல பத்து நாள் அது!

ஜூலை 17

பதினோராம் நாள். வீட்டுக்காரரிடம் சொன்னேன். எழுந்து போய் டீ போட்டுக் கொடுத்தார்.

ஜூலை 18, ஆடி முதல் வெள்ளி

கோயிலுக்குப் போய்விட்டுப் பூவை எடுத்துவிட்டுத்தான் வகுப்புக்குப் போனேன். சத்தியமாக. படுக்கை விரிப்பு மாற்றிக் காட்டும்போது கொண்டையிலிருந்து இரண்டு கனகாம்பரம், வெள்ளை விரிப்பில். இரண்டாவது எச்சரிக்கை.

"தெரியாம மேடம்..." என்றேன்.

"புண்ணு மேல விழுந்திருந்தா? அப்பவும் தெரியாமன்னு சொல்வீங்களா?"

சொல்வீங்களா — வாங்க போங்க! எச்சரிக்கையைவிட அதுதான் வலித்தது. பாத்ரூமில் போய் அழுதேன். இன்னும் ஒன்று வாங்கினால் போச்சு. மறுபடி பாதியில் விட்டவள் ஆகிவிடுவேன்.

ஜூலை 25, ஆடி இரண்டாம் வெள்ளி

வெறுங்கொண்டையோடுதான் கிளம்பினேன். ராஜகீழ்ப்பாக்கம் பஸ் ஸ்டாப்பில் பூக்காரம்மா கன்னியம்மா பிடித்துக்கொண்டாள். "இன்னா கண்ணு, ஆடி வெள்ளியும் அதுவுமா மொட்டையா போய்கினு கீறே?" வேண்டாம் வேண்டாம் என்று நான் சொல்லச் சொல்ல, பஸ் படியேறும்போதே சொருகிவிட்டாள். பஸ்ஸில் கை தூக்க இடமில்லை. இறங்கியதும் நேரமாகிவிட்ட பதற்றத்தில் பூவை மறந்தே போனேன்.

கேட்டில் தபீதாள். அவள் கண் நேராக என் கொண்டைக்குப் போனது. அப்போதுதான் எனக்குப் பூ ஞாபகம் வந்தது.

"அங்கேயே நில்லு கனகா. இன்னும் கேட்டுக்கு வெளியதானே நிக்கிற?" பையிலிருந்து டப்பாவை எடுத்துத் திறந்தாள். "சீக்கிரம் போடு."

"ஞாபகம் இருக்கா உனக்கு?"

"பதினோராம் நாள் கேட்டுல உனக்காக நின்னேன்டி. ஒரு வார்த்த சொல்லாம போயிட்டே."

உள்ளே போனதும் மறுபடி மேடம்தான். கத்தரிக்கோலை நான் தப்பாகப் பிடித்ததற்குத் திட்டு வேறு.

சாயங்காலம் கேட்டுக்கு வெளியே வந்து டப்பாவை நீட்டினாள். பூவை வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். பக்கத்து சீட்டு அம்மாள் இரண்டு முறை மூக்கை உறிஞ்சிப் பார்த்தார். எலுமிச்சை சாதம்.