கண்ணில்லா மரமுகம் பற்றிச் சங்குத்துறை உடையான் விடுத்த ஓலை

திரு வளர்க. கருங்கழி நாட்டின் உப்பும் நெல்லும் ஓங்குக. ஏழு கழிமுகங்களுக்கும் இறைவரும், வெண்சங்குக் கொடி உயர்த்தவரும், என் தங்கை பெற்ற செல்வருமாகிய ஆலங்கோ வேந்தர் திருவடிக்கு, தங்கள் தாய்மாமன் சங்குத்துறை உடையான் மாகீரன் வணங்கி விடுக்கும் ஓலை. இன்னும் பதினோரு பட்டங்களை எழுதுவதற்கு ஓலைநாயகம் தத்தன் எழுத்தாணியைத் தீட்டிக்கொண்டிருக்கிறான். ஓலை சிறிது, செய்தி அவசரம் என்று தடுத்துவிட்டேன். பட்டங்களைத் தாங்களே சேர்த்துப் படித்துக்கொள்க.

இக்காலத்து மனிதருக்கு எதையும் புரட்டிப் பார்க்கும் வழக்கம் இல்லை, வேந்தே. பளபளப்பைக் கண்டால் வாயைப் பிளக்கிறார்கள். அதன் உள்ளே யார், எதற்கு என்று கேட்பதில்லை. கேட்கிற கிழவனைச் சந்தேகப் பிராணி என்கிறார்கள். என் சுங்கக்காரர்களும் அந்த வகைதான்.

மூன்று நாள் முன்பு கூபா நாட்டுத் தூதர் மிகோபி என்பவர், பேராறுகளில் இறங்கிக் கடல் கடந்து, தங்கள் முடிசூட்டு விழாவுக்குக் காணிக்கையோடு நம் துறையில் வந்து இறங்கினார். காணிக்கை ஒரு மரமுகம். ஒரே கட்டையில் குடைந்தது. தலை முழுவதையும் கவிழ்ந்து மூடுவது. பூசணிக்காய்போல் புடைத்த நெற்றி, கன்னத்தில் செப்புத் தகடு, முகத்தின் குறுக்கே பாசிமணிப் பட்டை, விளிம்பெல்லாம் சோழி, கீழே நார்த்தாடி. வேலைப்பாட்டில் குறை சொல்ல என்னால் முடியவில்லை, முயன்று பார்த்தேன். அதன் பெயர் புவூம். என் ஆட்கள் "ஆகா, என்ன அழகு" என்று சொல்லி வாயிற்சீட்டும் கொடுத்துவிட்டார்கள். கண்ணுக்குத் துளையே இல்லை என்பதை ஒருவனாவது பார்க்க வேண்டுமே!

நான் இருமொழி அறிந்த துபாசியை வைத்துத் தூதரை விசாரித்தேன். அவர் பணிவாகச் சொன்னதாவது: கூபா நாட்டுக் கூத்தில் அரசனுக்கு ஒரு முகம் உண்டு, எளிய குடிக்கு இந்த முகம் உண்டு, இது அரசனுக்கு அடங்காது, மார்தட்டும், எதிர்த்து நிற்கும். விழாவில் இது ஆலங்கோ வேந்தரை நோக்கி மூன்று முறை பாய்ந்து, மூன்று முறையும் ஒரு முழத் தொலைவில் நின்றுவிடும். எதிர்க்கத் தகுந்த அரசர் முன்னால் மட்டுமே இதை ஆடுவார்கள். ஆகவே இது பெருமரியாதை.

அரசர்மேல் பாய்வது மரியாதையாம். என் துறையில் அதற்கு வேறு பெயர் உண்டு. தங்கள் தந்தையார் மேல், முகத்தில் துணி சுற்றிய ஒருவன் வீசிய கத்தியை வாங்கிய தோள் இது. அன்று முதல் முகம் மூடிய எவனும் என் வாயிலைக் கடக்கலாகாது என்பது ஆணை.

கண் இல்லாமல் எப்படிப் பாய்வான் என்று கேட்டேன். மூக்குத் துளை வழியாகப் பார்ப்பான் என்றார் தூதர். பொய் என்றேன். போட்டுப் பாருங்கள் என்றார். போட்டுக்கொண்டேன், வேந்தே. தாங்கள் சிரிப்பது இங்கே கேட்கிறது.

உள்ளே மர வாசனையும், எனக்கு முன் ஆடியவர்களின் வியர்வையும் இருந்தன. தூதர் சொன்னது மெய்தான். மூக்கு வழியாகத் தரை தெரிந்தது. தரை மட்டும். சுங்கச்சாவடியிலிருந்து வாயில்வரை நடந்து பார்ப்போம் என்று கிளம்பினேன். ஒரு மீன்கூடையை மிதித்தேன். அதன் உரிமைக்காரி என் பரம்பரையை மூன்று தலைமுறைக்கு வாழ்த்தினாள். வாயிலை நெருங்கியபோது, காவலன் நள்ளியன் கத்தினான்.

"ஏய் மரமண்டை, நில்லு அங்கேயே!"

"நான்தான்டா, உடையான்!" என்றேன். மரத்துக்குள் அது குடத்தில் உறுமிய பூனைபோல் ஒலித்தது.

"யாரு, நீ உடையாரா? எங்க கிழவன் இந்நேரம் மீன்குழம்பு தின்னுட்டுக் குறட்டை விட்டுக்கிட்டிருக்கும். மூடின முகத்தை உள்ள விடாதேன்னு அதுதான் உத்தரவு போட்டுச்சு. அதுவே வந்தாலும் விடமாட்டேன், போ!"

கூட்டம் சிரித்தது. எனக்குக் கோபம் வந்தது. வேகமாக ஓர் எட்டு வைத்தேன். மார்புக்குழியில் ஏதோ குத்தி நின்றது. முகத்தைக் கழற்றிய பிறகுதான் கண்டேன்: நள்ளியன் நீட்டிய ஈட்டி. இன்னும் அரை எட்டு வைத்திருந்தால் தாங்கள் வேறு மாமனைத் தேட வேண்டியிருக்கும். அவ்வளவு நேரமும் எனக்குத் தெரிந்தது அவன் கால் பெருவிரல் நகம் ஒன்றே.

நள்ளியன் ஈட்டியைத் தாழ்த்தினான். ஆணையைக் காத்ததற்கு அவனுக்கு என் கைக்கடகத்தைக் கழற்றிக் கொடுத்தேன். மீன்குழம்புப் பேச்சுக்கு மூன்று நாள் கரைவலை இழுக்கச் சொன்னேன். இரண்டையும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டான்.

இப்போது செய்தியைக் கேளுங்கள். தங்கள் அரண்மனை மணிமுற்றத்து மெய்க்காவலர் நான் பழக்கியவர்கள். தங்களை நோக்கி ஒருவன் பாய்ந்தால் கேள்வி கேட்க மாட்டார்கள், ஈட்டியை நீட்டுவார்கள். தூதரோடு வந்திருக்கும் ஆடுகிறவனுக்கு உள்ளிருந்து அது தெரியாது. மரியாதை செய்ய ஓடி வந்து ஈட்டியில் தானே ஏறிக்கொள்வான். மரமுகம் இல்லாமல் அவன் முகத்தை நேரே பார்த்துவிட்டேன்: நாற்பது வயது, பருத்த தோள், இடக்காது மடலில் தழும்பு. ஊரில் நான்கு பெண்பிள்ளைகள் காத்திருக்கிறார்களாம். அவன் உயிர் இப்போது இந்த ஓலையில் இருக்கிறது.

ஆகவே, ஓலை கண்ட அப்பொழுதே பறையறைந்து ஆணையிடுக: விழா மண்டபத்தில் காவலர் வெறுங்கையோடு நிற்க. ஈட்டியும் வாளும் மண்டபத்துக்கு வெளியே சாத்தப்படுக. மரமுகம் பாயும்போது தாங்கள் இருக்கையை விட்டு எழாதிருக்க. மெய்க்காவல் தலைவர் முணுமுணுத்தால், சங்குத்துறைக் கிழவன் சொன்னது என்று சொல்லுக. அவருக்கு வில் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தவன் நான்.

இந்த ஓலை குதிரையில் முந்தி வரும். மரமுகம் மாட்டுவண்டியில் பிந்தி வரும். அரக்கில் சங்கு முத்திரை பதித்தேன். கழியில் நீர் உள்ளவரை தங்கள் குடை நிற்க. மாகீரன் சொல், தத்தன் கை.

முத்திரைக்குக் கீழே இதையும் எழுது என்று தத்தனிடம் சொல்லியிருக்கிறேன். வண்டியில் மரமுகத்தை ஏற்றிவிட்டார்கள். விடைகொடுக்கும்போது அதன் நெற்றியைத் தொட வேண்டும் என்கிறார் தூதர், அது வழக்கமாம். நான் தொடவில்லை. ஒரு முழத் தொலைவில் நிற்குமாம். ஆடுகிறவன் நிற்பான், நல்லவன். அந்த மரம் நிற்குமா என்று யார் கண்டது? நான் நள்ளியன் வலை இழுக்கும் கரைப்பக்கம் போகிறேன்.