ஏழடி மூன்றங்குலம்

அருகன் துணை

மஸ்கட்
6.7.2025

அன்புள்ள சுதாவுக்கு,

நான் நலம். நீயும் அம்மாவும் நலமாக இருக்க வேண்டும். போன் செய்தால் "ம்" என்கிறாய், அதற்குமேல் ஒரு வார்த்தை கிடையாது. கடிதத்துக்கு "ம்" என்று பதில் போட முடியாதே, அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

போர் தண்ணீர் வாயில் வைக்க முடியாத அளவு உப்பாகிவிட்டது என்று அம்மா சொன்னாள். கேன் தண்ணீரைத் தூக்கித் தூக்கி உனக்கு இடுப்பு வலியாமே. நான் இங்கே எட்டு மாடிக் கட்டடத்துக்குத் தண்ணீர் ஏற்றுகிறவன். என் வீட்டில் ஒரு பம்ப் இல்லை என்று வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.

தோட்டத்து மழைநீர்த் தொட்டியில் அரை ஹெச்.பி. மோட்டார் ஒன்று வைத்துவிடலாம். எந்தத் தொட்டியைச் சொல்கிறேன் என்று நீ முகத்தைத் திருப்பிக்கொள்வது எனக்கு இங்கிருந்தே தெரிகிறது. முழுதும் படி. மேஸ்திரி ஜகபர் அலி பாய் மூடியை ஒரே ஒரு முறை திறந்து குழாயை இறக்குவார். உடனே பழையபடி சிமென்ட் பூசிவிடுவார். பிறகு தண்ணீர் குழாயில் வரும். அந்த மூடியை இனி யாரும் திறக்கவே வேண்டாம்.

உன் சம்மதத்தை எழுது.

உன்
கோமதேஷ்


செஞ்சி
24.7.2025

பிரம்மியின் நைனாவுக்கு சுதர்சனா எழுதுவது.

கடிதம் கிடைத்தது. உங்கள் அம்மாவுக்குக் கால் வீக்கம் வடிந்திருக்கிறது. ஒரு வாரமாக ராஜகிரி மலைப் பக்கம் மேகம் கட்டுகிறது, கலைகிறது. இதெல்லாம் நலம் விசாரித்ததற்குப் பதில்.

போன ஞாயிறு அனந்தபுரத்தில் என் தங்கை அனுவின் குழந்தைக்குப் பெயர் வைத்தார்கள். போயிருந்தேன். குழந்தை மடி மடியாகச் சுற்றி வந்தது. என்னிடம் மட்டும் வரவில்லை. எனக்கு அடுத்து உட்கார்ந்திருந்தவளிடம் என்னைத் தாண்டிக் கொடுத்தார்கள். நானும் கேட்கவில்லை. எந்த முகத்தோடு கேட்பது?

வருகிற ஐப்பசியோடு நம் பிரம்மி போய் இரண்டு வருஷம். அன்று காலையில் தண்ணீர் இறைத்தேன், துணியில் வடிகட்டினேன். துணியில் தங்கிய உயிர்கள் சாகக்கூடாது என்று துணியை அலசி, அந்தத் தண்ணீரை வாளியோடு தொட்டிக்குள்ளேயே மெதுவாக இறக்கினேன். அதுவரை நன்றாக ஞாபகம் இருக்கிறது. மூடியை மூடினேனா என்பதுதான் ஞாபகத்தில் இல்லை. தினமும் விடிந்ததும் என் கையைப் பார்த்துக் கேட்கிறேன். பிள்ளையைக் கிடத்தியிருந்தபோது உங்கள் அம்மா ஊர் கேட்கச் சொன்னாரே, "பூச்சி புழுவுக்கெல்லாம் தண்ணி திருப்பி உட்டா, பெத்ததைத் தண்ணியில உட்டுட்டா" என்று. அன்றிலிருந்து வடிகட்டும் துணியை நான் தொடுவதில்லை. அதை உங்கள் அம்மாதான் செய்கிறார்.

பம்ப் போடுங்கள். அந்த மூடியை இனி யாரும் திறக்க வேண்டாம் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரிக்காகச் சம்மதிக்கிறேன்.

சுதர்சனா


மஸ்கட்
10.8.2025

அன்புள்ள சுதாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் வேலை ஓடவில்லை. பழவினை என்று மனதைத் தேற்றிக்கொள். உன்னை நீயே தின்றுகொள்ளாதே. அனு வீட்டுக்காரர்கள் அறியாத ஜனங்கள், விடு.

வேலைக்கு வருகிறேன். இந்தக் கடிதத்தை ஜகபர் பாயிடம் அப்படியே காட்டு. தொட்டியின் ஆழம் ஏழடி மூன்றங்குலம். குழாயை ஆறே முக்கால் அடிக்குமேல் இறக்கக்கூடாது, அடி வண்டலை இழுத்துவிடும். வாய்க்குக் கீழே வடக்குச் சுவரில் ஒரு செங்கல் துருத்திக்கொண்டிருக்கும். குழாய் அதில் உரசாமல் தெற்குப் பக்கமாக இறக்கட்டும். ஒரே மழைக்கு நாலடி ஏறுகிற தொட்டி அது, அதனால் மோட்டார் காற்றை இழுக்குமோ என்ற பயம் வேண்டாம். குழாயின் அடியில் மாட்ட அவலூர்பேட்டையில் நல்ல ஃபுட் வால்வு கிடைக்கும். எர்த் கம்பி கட்டாயம் போட வேண்டும்.

மூடியைத் திறக்கும்போது நீ அங்கே நிற்காதே. கோயிலுக்குப் போய்விடு.

உன்
கோமதேஷ்


செஞ்சி
15.9.2025

பிரம்மியின் நைனாவுக்கு,

நீங்கள் போகச் சொன்னீர்கள், நான் போகவில்லை. மூடியின் பூச்சை உடைத்தபோது பக்கத்திலேயே நின்றேன். உள்ளே ஒன்றும் இல்லை. இருட்டும் கொஞ்சம் தண்ணீரும்தான். பயந்துகொண்டு நின்றவளுக்கு அது ஏமாற்றமாகக்கூட இருந்தது.

ஜகபர் பாய் டேப்பை இறக்கினார். ஏழடி மூன்றங்குலம். டார்ச் அடித்தார். வடக்குச் சுவரில் செங்கல். அவர் சிரித்துக்கொண்டே, "இன்னாம்மா இது, உங்க வூட்டுக்காரரு மஸ்கட்ல இருந்துகினு நூல் பிசகாம சொல்லிக்கிறாரு! எப்ப வந்து அளந்துட்டுப் போனாரு?" என்றார்.

நானும் சிரித்தேன். உள்ளே வந்து உட்கார்ந்த பிறகுதான் சிரிப்பு நின்றது.

தொட்டியைக் கட்டியவர் உங்கள் நைனா. அப்போது நீங்கள் மஸ்கட்டில். அவர் அளவு எதையும் எழுதிவைக்காமலே போய்ச் சேர்ந்தார். நான் கயிற்றை விட்டு இறைத்தவள், அளந்தவள் இல்லை. அந்த வருஷம் புரட்டாசியில் தொட்டியைக் கழுவிக் காயவிட்டோம். எப்போதும் கோடையில் லீவில் வருகிற நீங்கள் அந்த முறைதான் ஐப்பசியில் வந்தீர்கள். வந்த இரண்டாம் நாள் ராத்திரிதான் முதல் மழை. மறுநாள் காலையில் பிரம்மி போனாள். அன்று சாயங்காலமே சிமென்ட் பூசிவிட்டார்கள்.

ஒரே மழைக்கு நாலடி ஏறும் என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் பார்க்க அந்த ஒரு காலைதான் இருந்தது. நான் வாளியோடு போனபோது நீங்கள் தூங்கிக்கொண்டிருந்தீர்கள்.

எப்போது அளந்தீர்கள்? வேறு எதுவும் எழுத வேண்டாம். இதற்கு மட்டும் பதில் போடுங்கள்.

சுதர்சனா


மஸ்கட்
2.10.2025

சுதா,

உனக்குப் பின்னால் அளந்தேன்.

நீ சமையலறைக்குள் போன பிறகு எழுந்து வந்தேன். மூடி மூடியிருந்தது. இறுக்கமாக இருந்தது, இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினேன். இந்த லீவிலாவது பம்ப் போட்டு உனக்கு இறைக்கிற வேலையை ஒழித்துவிட வேண்டும் என்று நினைத்தேன். கம்பை விட்டு ஆழம் பார்த்தேன், நனைந்த இடத்தைப் பார்த்தேன். எழுதிக்கொள்ளப் பேனா இல்லை. உள்ளே வந்து எழுதும்போது கம்பெனியிலிருந்து போன். பேசிக்கொண்டே தெருப்பக்கம் போனேன். நீ கத்தியபோது அந்த போன் என் காதில்தான் இருந்தது.

அம்மா அப்படிப் பேசியபோது நீ தலையைக் குனிந்துகொண்டாய். நீயே உன்னைச் சொல்லிக்கொண்டாய். நான் வாயைத் திறக்கவில்லை. நாளை சொல்லலாம் என்றிருந்தேன். காரியம் முடியட்டும் என்றிருந்தேன். பிறகு விமானம் ஏறிவிட்டேன். நான் கோழை, சுதா. மகளையும் கொன்று, பழியை உன் தலையிலும் ஏற்றிவிட்டு வந்தவன்.

அளவு எழுதிய சீட்டு இத்தனை நாளும் என் பர்ஸில் இருந்தது. இதோடு வைத்திருக்கிறேன். யாரிடம் வேண்டுமானாலும் காட்டு. தை மாதம் லீவு கிடைக்கும். நீ வா என்று ஒரு வார்த்தை எழுதினால் வந்து காலில் விழுகிறேன்.

கோமதேஷ்


செஞ்சி
21.10.2025

கோமதேஷ் அவர்களுக்கு,

கடிதமும் சீட்டும் கிடைத்தன. உறையின் மேல் அல்லாமல் கடிதத்துக்குள் உங்கள் பெயரை என் கையால் எழுதுவது இதுதான் முதல்முறை. எழுத வராது என்று நினைத்தேன், வந்துவிட்டது.

சீட்டையும் கடிதத்தையும் உங்கள் அம்மாவிடம் கொடுத்தேன். இரண்டு முறை படித்தார். "நீ மூடிட்டுத்தான் போனியாம்மா" என்றார். அவர் என்னோடுதான் இருப்பார். அவரைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம்.

திறந்த மூடியை மூட மறந்து வந்துவிடுவது யாருக்கும் நேரும். அதற்காக நான் உங்களை வெறுக்கவில்லை, இது சத்தியம். ஆனால் இரண்டு வருஷம் என் கையையே நான் வெறுத்தேன். அதைத் தெரிந்துகொண்டே எனக்குப் பழவினை என்று எழுதினீர்கள். தையிலும் வர வேண்டாம், அதற்குப் பிறகும் வர வேண்டாம்.

ஜகபர் பாய் மோட்டாரைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டார். மூடிக்குப் பூச்சு வேண்டாம், புதுக் கைப்பிடி மட்டும் போடுங்கள் என்றேன், போட்டுக்கொடுத்தார்.

நாளை அனந்தபுரம் போகிறேன். அனுவிடம் குழந்தையைக் கேட்டு வாங்கி மடியில் வைத்துக்கொள்ளப் போகிறேன்.

நேற்று நல்ல மழை. இன்று காலையில் வாளியை இறக்கினேன். இறைத்தேன். வடிகட்டினேன். துணியை அலசிய தண்ணீரைத் திருப்பி இறக்கினேன். மூடியை மூடினேன். சமையலறை வரைக்கும் வந்தவள் திரும்பிப் போய் ஒருமுறை பார்த்தேன்.

மூடித்தான் இருந்தது.

சுதர்சனா