செப்புச் சல்பேற்றும் உன் நீல விரல்களும்

மச்சான், நேற்று என் பேத்தி பள்ளியிலிருந்து வந்து ஒரு சிறு போத்தலை என் கையில் வைத்தாள். உள்ளே நீலப் பளிங்குகள். "நானே செஞ்ச மூத்தாப்பா" என்றாள். எனக்கு உன் ஞாபகம்தான் வந்தது. உன் ஜனாஸா அடங்கி நாற்பது நாள்கூட ஆகவில்லை.

நாம் பள்ளியில் படித்த அந்த மாரியில், ஆய்வுகூடத்தில் நாம் இருவரும் ஒரே மேசை. இளஞ்சூடான கந்தக அமிலத்தில் கறுத்த செப்பு ஒட்சைட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கிளறியது நீ. இனிக் கரையாது என்று கறுப்பு அடியில் தங்கியதும் வடித்தது நான். வற்றவைத்து ஆறவிட்டோம். மறுநாள் கிண்ணத்தில் கிடந்தவைதான் வகுப்பிலேயே பெரிய பளிங்குகள். "பள்ளியப் பாக்க வித்தியாதரிசி வந்தா இதத்தான் காட்டுவன்" என்றார் விஞ்ஞான சேர். வடிதாளில் பரப்பி, அலுமாரிக்கு மேலே இருந்த சுவரோரத் தட்டில் உலர வைத்தோம்.

இரண்டு நாள் அடைமழை. திரும்பி வந்தால் வடிதாள் மட்டும் ஈரமாகக் கிடந்தது. மாரியில் எதுதான் ஈரமில்லை? நான் உன் கையைப் பார்த்தேன். நகக்கண்ணெல்லாம் நீலம். அதற்கு முன் எத்தனையோ நாள் பார்த்த கைதான். அன்று மட்டும் வேறாகத் தெரிந்தது. நீ மருதமுனைக்காரன், வீட்டில் நெசவு. சாயத்துக்கு இது உதவும் என்று எங்கோ கேட்டிருந்தேன். நேரே சேரிடம் போய்ச் சொன்னேன்.

உன் பையைக் கொட்டச் சொன்னார். அதில் ஒன்றும் இல்லை; விரல்களை நீட்டச் சொன்னார்.

"சாயம் சேர். வாப்பாட தறிக்கு நூல் தோச்சன்" என்றாய். அவர் நம்பவில்லை. நானும் நம்பவில்லை. வித்தியாதரிசி வந்த அன்று நீ வெளியே, விறாந்தையில் நின்றாய்.

மறு கிழமை அலுமாரிக்குப் பின்னால் விழுந்த கண்ணாடிக்கோலை எடுக்கக் குனிந்தேன். தட்டிலிருந்து தரைவரை, வெள்ளைச் சுவரில் நீர் வழிந்த ஒரு நீலக் கோடு. நிமிர்ந்தால், நேர் மேலே உடைந்த ஓடு. உன்னைக் கூட்டிவந்து காட்டினேன். நீ அந்தக் கோட்டை விரலால் தொட்டாய்.

"என்னட்ட ஒருக்கா கேட்டிருக்கலாமே மச்சான்."

"சேரிட்ட நான் சொல்றன்" என்றேன். நாளை, நாளை என்று தள்ளினேன். அவர் மாற்றலாகிப் போய்விட்டார்.

அதன்பிறகு நீ சிரித்தாலும் எனக்குச் சந்தேகம். என் கலியாணத்தில் ஒரே சஹன் தட்டில் கையிட்டுச் சாப்பிட்டபோதும், நான் செய்ததை இவன் யார் யாரிடம் சொல்லியிருப்பான் என்றுதான் உன் முகத்தைப் பார்த்தேன். கடைத்தெருவில் உன் சொந்தக்காரர் சலாம் சொன்னால், அந்தக் குரலுக்குள்ளும் தேடினேன்.

உன் மையித்து வீட்டுக்கும் அப்படித்தான் வந்தேன். எல்லாருக்கும் தெரிந்திருக்கும் என்று நினைத்து, வாசலோரமாக நின்றேன். உன் மகன் வந்து கையைப் பிடித்தான்.

"வாப்பா உங்களப் பத்தி அடிக்கடி கதைப்பார்."

"என்ன சொல்லுவார்?"

"ஒரே மேசையில படிச்ச கூட்டாளி எண்டுவார். வேற ஒண்டும் சொன்னதில்ல."

தேத்தண்ணி கொண்டுவந்து தந்தான். அவனிடமாவது அந்த நீலக் கோட்டைச் சொல்லியிருக்கலாம். தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்தேன், மச்சான்.