இன்னும் வேகாத மருந்து

இன்று காலை ஆய்வுக்கூடத்தில் ஒரு மாணவி பிரிடின் புட்டியைக் கீழே போட்டுவிட்டாள். எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார்கள். நான் மட்டும் நின்றுவிட்டேன். எனக்கு அது உன் தலைமுடியின் வாசனை.

அறுபதுகளின் கடைசியில் சென்னையில் நாம் இருவரும் புற்றுநோய்க்கு மருந்தாகுமா என்று புதுப்புதுச் சேர்மங்களைச் செய்துகொண்டிருந்தோம். லீவுக்கு உன் ஊருக்குப் போகும்போது எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் பிரிடின் நம்மோடு வரும். தர்மபுரியில் கடத்தூர் பஸ் ஏறினால் பக்கத்து சீட்டு தானாகக் காலியாகும். "என்னங்கம்மா இது, எலி செத்தாப்பல நாறுது?" என்று ஒருவர் கேட்டே விட்டார். "மருந்துங்க. இன்னும் வேகல" என்றாய் நீ.

உண்மையிலேயே வேகவில்லை. வாரக்கணக்கில் படிப்படியாகச் செய்து கொண்டுவந்த பொருள், கடைசியில் படிகமாகாமல் குடுவையின் அடியில் வெல்லப்பாகு போல ஒட்டிக்கொண்டு கிடக்கும். கொட்டிவிடலாம் என்பேன். நீ கண்ணாடிக் குச்சியை என் கையில் திணிப்பாய். குடுவையின் உட்சுவரைச் சுரண்டினால் அந்தக் கீறலைப் பிடித்துக்கொண்டு சில சமயம் படிகம் வளரும். பல சமயம் வராது. "சுரண்டு புள்ள. அதுக்கு சலிக்கற வரைக்கும் சுரண்டு."

பிறகு உன் மார்பிலேயே கட்டி வந்தது. அறுத்து எடுத்தும் பரவியது. ஊருக்குக் கொண்டுபோய்ப் படுக்க வைத்தார்கள். பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அது சூட்டுக் கட்டி என்றார்கள். நீ வாய் திறந்தாலே உன் அம்மா பதறுவார். "அந்தப் பேர இந்த வூட்ல எடுக்காத கண்ணு. சின்னவளுக்கு நாளைக்கு மாப்ள வரணும்."

"பேரே சொல்லலைன்னா மருந்து எதுக்கும்மா செய்யறது?" என்று கேட்டாய்.

பக்கத்து வீட்டுப் பெரியம்மாவிடம் நீயே சொல்லிவிட்டாய், புத்து வந்திருக்கிறது என்று. மறுநாள் விடிந்ததும் அவர் ஏரிக்கரையில் இருந்த பாம்புப் புற்றுக்குப் பால் ஊற்றிவிட்டு வந்து நின்றார். "எங்கியோ தெரியாம புத்த மிதிச்சிருக்க சாமி. நான் ஊத்திக் கும்புட்டுட்டேன், இனி ஒண்ணும் ஆவாது." எனக்கு ஆத்திரம் வந்தது. நீ அவர் கையை விடவே இல்லை. அவர் போனதும் சொன்னாய்: "இந்த ஊர்ல அந்தப் பேர வாய்விட்டுச் சொன்னது இவங்க ஒருத்தருதான்." சிரித்து முடித்து, "நான் போனதும் காய்ச்சல்னு சொல்லிருவாங்க. நீ விட்றாத" என்றாய்.

விடவில்லை. உன்னை அடக்கம் செய்த அன்று கல்லறைத் தோட்டத்தில் உன் சித்தப்பா விஷக் காய்ச்சல் என்று சொல்லிக்கொண்டிருந்தார். உன் தங்கையின் காதில் விழட்டும் என்றே சத்தமாகச் சொன்னேன்: "காய்ச்சல் இல்லீங்க. மார்புல புத்து." இனி எங்கள் வீட்டுப் படி ஏறாதே என்றார் உன் அம்மா. சரி என்று திரும்பி வந்துவிட்டேன். அழுதேன், ஆனால் சொன்னதற்காக அல்ல.

நம் சேர்மம் நீ போன பிறகு படிகமானது. அழகான வெள்ளை ஊசிகள். எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், கட்டி கொஞ்சம்கூடச் சுருங்கவில்லை. இதை இத்தோடு மூடிவிட்டு ஊரில் டீச்சர் வேலைக்குப் போகலாமே என்றார் மேலதிகாரி. போக மாட்டேன் என்று சொல்லிவிட்டு அடுத்ததைத் தொடங்கினேன். அதுவும் தோற்றது. அதற்கடுத்ததும் தோற்றது. தோற்கட்டும்.

போன மாதம் உன் தங்கை சென்னைக்கு வந்தாள். கல்யாணமாகிப் பாலக்கோட்டில் இருக்கிறாள். மாப்பிள்ளை வராமல் போகவில்லை பார். மார்பில் சுண்டைக்காய் அளவு கட்டி. கையில் தட்டுப்பட்டதுமே கிளம்பி வந்திருக்கிறாள். டாக்டரிடம் தலை குனியாமல் சொன்னாள்: "எங்கக்காவுக்கு மார்புல புத்துங்க. எனக்கும் கட்டி இருக்குது, பாருங்க." அறுத்து எடுத்துவிட்டார்கள். பரவுவதற்குள் வந்துவிட்டாள், பிழைத்துக்கொள்வாள் என்றார் டாக்டர்.

வார்டு வாசலில் உன் அம்மா உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். மெல்லத்தான் கேட்டார், ஆனால் கேட்டுவிட்டார்: "இந்தப் புத்துக்கு நீ செய்யற மருந்து எப்ப கண்ணு வரும்?"

"இன்னும் வேகலைங்கம்மா" என்றேன்.

பிரிடினைத் துடைத்தாகிவிட்டது. என் மேசையில் ஒரு குடுவை, அடியில் அதே பாகு. குச்சியை எடுத்துக்கொண்டேன், புள்ள.