ஐந்து பத்து வண்டி

அன்புள்ள பெரியவளுக்கு,

அம்மா எழுதுவது. நானும் சின்னவளும் சுகம், அப்பாவும் சுகம், அவருடைய முழங்காலை மட்டும் அந்தக் கணக்கில் சேர்க்காதே. உன் சுகத்தை நீயாக எழுதினால்தான் உண்டு. சமையலறைக் குழாய் ஒழுகுகிறது என்று அப்பா தானே சரிசெய்ய இறங்கி, இப்போது வீட்டுக்கே தண்ணீர் இல்லை. பிளம்பர் நாளைக்கு வருகிறாராம்.

உன் தங்கச்சி விஷயத்துக்கு வருகிறேன். பத்தாவதோடு படிப்பை விட்டு மூன்று வருஷம் வீட்டில் இருந்தவளுக்கு லென்ஸ் கம்பெனியில் வேலை கிடைத்ததைப் போனில் சொன்னேன் இல்லையா. அவளைப் போல நம் குடியிருப்பில் பன்னிரண்டு பேரை வேலைவாய்ப்பு ஆபீஸ் தேர்ந்தெடுத்தது, தொண்டு நிறுவனம் ஆறு வாரம் பயிற்சி கொடுத்தது, கம்பெனி வேலை கொடுத்தது. மூன்று தரப்பும் கைகுலுக்கிப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். பயிற்சி முடிகிறவரை தொண்டு நிறுவனத்து வேன் வந்தது, வேலை தொடங்கியதும் நின்றுவிட்டது. ஷிஃப்ட் காலை ஆறு மணிக்கு. இங்கிருந்து முதல் பஸ் ஐந்து நாற்பதுக்கு, கம்பெனி வாசலுக்குப் போக முப்பத்தைந்து நிமிஷம். மூன்று பேர் கூடிச் சமைத்தும் உப்புப் போட ஆளில்லாத கதைதான். அந்த நேர அட்டவணையை எழுதி டிப்போவில் ஒட்டியதே டைம் கீப்பரான உன் அம்மா, எனக்கும் உறைக்கவில்லை என்பதைச் சேர்த்துக்கொள்.

பிள்ளைகள் ஷேர் ஆட்டோ பேசிப் போனார்கள். ஆட்டோ வந்தால் உண்டு, வராவிட்டால் லேட். முதல் மூன்று மாதத்தில் மூன்று லேட் விழுந்தால் வேலை போய்விடும். எல்லாருக்கும் ஒன்று விழுந்தது, அடையாள அட்டையை மறந்து பாதி வழியில் திரும்பி ஓடிவந்த நம் மகாராணிக்கு மட்டும் இரண்டு. வியாழக்கிழமை இதற்காகக் கூட்டம் போட்டு என்னையும் கூப்பிட்டார்கள். ஆபீஸ் அம்மா, போக்குவரத்து எங்கள் வேலை இல்லை என்றார். கம்பெனி மேலாளர், வேலையும் குடுத்துட்டு வீட்லேருந்து தூக்கிட்டும் வரணுமா என்றார். தொண்டு நிறுவனத்துத் தம்பி ஃபைலைப் புரட்டிக்கொண்டே இருந்தார். பிஸ்கட் மட்டும் தீர்ந்தது. முதல் வண்டியை ஐந்து பத்துக்கு எடுத்தால் முடிந்தது, டிப்போ மேலாளர் உத்தரவு திங்கட்கிழமை வந்துவிடும் என்று நான் சொன்னதும் மூன்று பேருக்கும் மூச்சு வந்தது.

உத்தரவு திங்கட்கிழமைதான் வரும் என்பது உண்மை. ஒரு வாரத்துக்கு மட்டும் மாற்ற என் கையெழுத்தே போதும் என்பதும் உண்மை. அதை நான் சொல்லவில்லை. பன்னிரண்டில் ஒருத்தி நான் பெற்றவள், மகளுக்காக பஸ்ஸைத் திருப்பிவிட்டாள் என்று டிப்போவில் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்களே என்று வாயை மூடிக்கொண்டேன். வெள்ளிக்கிழமை ஒரு நாள்தானே, அப்புறம் சனி ஞாயிறு லீவுதானே என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை ஆட்டோ வரவில்லை. சின்னவளுக்கு மூன்றாவது லேட். ஆறு மாதம் கழித்து அடுத்த ஆட்கள் எடுக்கும்போது பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார்கள். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. அவள் அழவில்லை. திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று யூனிஃபார்மைத் துவைத்து இஸ்திரி போட்டு வைத்தாள். திங்கட்கிழமை ஐந்து பத்து வண்டி கிளம்பியது, டிரைவர் முணுமுணுத்துக்கொண்டே எடுத்தார், பதினோரு பேர் ஏறினார்கள். அன்று சாயங்காலம், வெள்ளிக்கிழமையே மாத்தியிருக்க முடியாதாம்மா என்று கேட்டாள். குற்றம் சொல்லக் கேட்கவில்லை, சும்மாதான் கேட்டாள். ஆர்டர் வரணும்டி என்று சொல்லிவிட்டேன். இருபத்தாறு வருஷத்தில் ஒரு வண்டிக்கும் பொய் நேரம் எழுதாதவள் நான்.

நாளைக் காலையில் அவளிடம் சொல்லப்போகிறேன். அதன்பிறகு கூட்டத்துக்கு வந்த அந்த மூன்று பேருக்கும், கடைசி லேட் என் மகளுடையது இல்லை, என்னுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கப்போகிறேன். வேலையைத் திருப்பிக் கொடுப்பார்களோ மாட்டார்களோ தெரியாது. டிப்போவில் விளக்கம் கேட்டால் கேட்கட்டும், அப்பாவிடம் சொல்லிவிட்டேன்.

நீயும் மாப்பிள்ளையும் நோய் நொடி இல்லாமல் நூறு வயசு இருக்க வேண்டும். ஒன்று மட்டும் மறக்காதே. இது உன் கைக்கு வரும்போது அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கும். அன்றைக்கே அவளைக் கூப்பிட்டுப் பேசு. அம்மா பாவம்டி என்று மட்டும் சொல்லிவிடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா